டிரியர் மார்க்ஸ் வீடு: நாற்காலியைப் பார்க்கவா போகிறோம்?

நிழல்மரம்: ஜெர்மனியின் டிரியர் நகரில் மார்க்ஸ் பிறந்த வீட்டுக்குப் போய் வந்தேன். 200ஆவது பிறந்தநாளையொட்டி 2018இல் புதிதாக அமைத்த கண்காட்சி. மனசு நிறையவில்லை. லண்டனில் அவர் உட்கார்ந்த நாற்காலியை இங்கே வைத்திருக்கிறார்கள், அதன் முன்னால் அத்தனை கூட்டம். உபரி மதிப்பு, அதாவது தொழிலாளி உழைத்து உண்டாக்கியதில் கூலி போக முதலாளி எடுத்துக்கொள்வது, என்றால் என்ன என்று அங்கே ஒருவரும் பேசிக் கேட்கவில்லை. பிறந்து ஒன்றரை வருடத்துக்குள் குடும்பம் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. தவழ்ந்த வீட்டில் என்ன தத்துவம் கிடைக்கும்? பாதுகையை வைத்துக் கும்பிடுவது போலத்தான் இருந்தது.

அச்சுக்கோப்பு: அண்ணா, நாற்காலி முன் நிற்பது தப்பே இல்லை. மார்க்ஸ் 1852 பிப்ரவரியில் தன் நண்பர் எங்கெல்சுக்கு எழுதிய கடிதத்தில், கோட்டு அடகில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்கிறார். பதினைந்து வருடம் கழித்து, 1867இல் அவருடைய 'மூலதனம்' நூலின் முதல் பாகம் வருகிறது. முதல் அத்தியாயத்தைப் புரட்டுங்கள்: 20 கஜம் லினன் துணி = ஒரு கோட்டு. போட்டுக்கொண்டால் குளிர் தாங்கும், அடகு வைத்தால் அடுப்பு எரியும். பயன்மதிப்பும் பரிவர்த்தனை மதிப்பும் அவர் வீட்டு ஆணியிலேயே தொங்கியிருக்கின்றன. வாழ்க்கையைத் தள்ளிவைத்துவிட்டுக் கருத்தை மட்டும் படித்தால் இது கண்ணில் படுமா?

நிழல்மரம்: அருமை. ஆனால் இதைச் சொன்னது நீங்கள், நாற்காலி இல்லையே! 2018இல் அதே ஊரில் மார்க்ஸ் முகம் போட்ட பூஜ்ய யூரோ நோட்டை 3 யூரோவுக்கு விற்றார்கள். பணத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க யோசித்தவரை இப்படி நினைவுப்பொருள் ஆக்குவது எனக்கு வலிக்கிறது.

தெற்குவாசல்: வீட்டை அவ்வளவு லேசாக விடாதீர்கள். 1928இல் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி வாங்கியது, 1933இல் நாஜிகள் பறித்தார்கள், 1947இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஒருவரின் கருத்துக்காக அவர் பிறந்த வீட்டையே பறித்த கதை இது. கூடவே, அவர் பெயரைச் சொல்லி ஆண்டவர்கள் செய்த கொடுமைகளையும் எந்த மார்க்ஸ் கண்காட்சியும் மறைக்கக் கூடாது.

அச்சுக்கோப்பு: ஒப்புக்கொள்கிறேன். அண்ணாவுக்கு ஒன்று. என் அம்மா பீஸ் ரேட்டுக்கு ஜாக்கெட் தைப்பவர். இந்தக் கோட்டுக் கணக்கைச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "துணி 20 கஜம், சரி. தைச்சவனுக்கு எவ்வளவு?" என்றார். அடகுபோன கோட்டில் ஆரம்பித்ததால்தான் அம்மா அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார்.

நிழல்மரம்: அம்மா கேட்டதைத்தான் நான் அங்கே தேடினேன். நாற்காலி பக்கத்திலேயே அந்தக் கடிதத்தையும் அந்த முதல் அத்தியாயத்தையும் சேர்த்து வைத்தால் இன்னொரு முறை போகத் தயார். வெறும் நாற்காலிக்கு, மாட்டேன்.