லொகேட்டர் காட்டும் ஆழம் ஒன்று, குழியில் அளந்தால் வேறொன்று: யாராவது உதவ முடியுமா?

செம்மண்:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனைத் தோட்டத்துச் சாலைக்கு அடியில், சாலையை வெட்டாமல் கிடையாகத் துளைத்து, கண்ணாடியிழைக் கம்பிக்கான குழாய் போடுகிறோம். துளைமுனை எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று காட்டும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அதன் மேலே நடப்பது என் வேலை. கருவி வாடகைக்கு எடுத்தது. சாலையின் இந்தப் பக்கம் அது 1.20 மீட்டர் காட்டியது. குழி தோண்டி டேப் வைத்தால் 1.32. அந்தப் பக்கம் 2.00 காட்டியது, அளந்தால் 2.20. சாய்வு, சுழற்சி எண்கள் ஆடாமல் வருகின்றன.

அடுத்த துளை ரயில் பாதையை ஒட்டிப் போக வேண்டும். அங்கே வெறுமனே நடந்து பார்த்தபோதே சிக்னல் எண் துள்ளுகிறது. இரண்டும் ஒரே கோளாறா? கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

குழாய்க்காரன்:
துளைமுனைக்குள் இருந்து சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். முக்கால்வாசித் தொல்லை அதில்தான்.

செம்மண்:
மாற்றியாகிவிட்டது. அதே எண்கள்தான்.

பழைய துளைக்காரன்:
தம்பி, கருவியைத் திட்டுவதற்கு முன் உங்கள் எண்களையே ஒருமுறை வகுத்துப் பாருங்கள். 1.32-ஐ 1.20 ஆல், 2.20-ஐ 2.00 ஆல். இரண்டிலும் சரியாகப் பத்து சதவீதம். ரிசீவரை இடுப்பளவில் தூக்கிப் பிடித்து, அந்த உயரத்தைக் கருவிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் எல்லா ஆழத்திலும் ஒரே அளவு கூடியிருக்கும். மண்ணுக்குள் இரும்பு கிடந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் பிசகும். எங்கு பார்த்தாலும் ஒரே விகிதம் என்றால் காலிபிரேஷனைத்தான், அதாவது தெரிந்த தூரத்தில் வைத்துக் கருவியைப் பழக்கியதைத்தான், சந்தேகப்பட வேண்டும்.

சிக்னலின் வலிமை தூரத்தின் கன அளவில் குறைகிறது. 3 மீட்டரில் பதிந்த வலிமையை வைத்துத்தான் ரிசீவர் மற்ற ஆழங்களைக் கணக்கிடுகிறது. அந்த ஓர் எண் கெட்டால் எல்லாமே கெடும். ஆழத்தில் பத்து சதவீதப் பிசகு என்றால், பதிவின்போது சிக்னல் ஏறக்குறைய கால்வாசி குறைவாகக் கிடைத்திருக்கிறது. இரும்பு உறைக்குள் போடாமல் டிரான்ஸ்மிட்டரை வெறுமனே வைத்துக் காலிபிரேஷன் செய்திருந்தால் பிழை எதிர்ப்பக்கம் போயிருக்கும். உள்ளதைவிட ஆழமாகக் காட்டும். உங்களுக்கு அப்படியில்லை. ஆகவே ஒன்று, அருகிலிருந்த இரும்பு சிக்னலைத் தின்றிருக்கிறது. அல்லது 3 மீட்டர் என்று நினைத்தது 3.30 ஆக இருந்திருக்கிறது. எங்கே வைத்துச் செய்தீர்கள்? குழியில் துளைமுனையின் மேல்முதுகு வரை அளந்தீர்களா, நடு அச்சு வரையா?

செம்மண்:
நடு அச்சு வரைதான், ஐயா. காலிபிரேஷனைக் கருவி கொண்டுவந்தவர்களே எங்கள் கிடங்கு வாசலில் செய்து கொடுத்தார்கள். பி.ஆர்.சி. எனும் இரும்புக் கம்பிவலை போட்ட சிமெண்டுத் தரை. பக்கத்தில் லோரியும் நின்றது.

பழைய துளைக்காரன்:
பிறகென்ன! வெறும் மண்தரைக்குப் போங்கள். லோரி, வேலி, துளைக் கம்பிகள் எல்லாம் குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்கட்டும். மண்ணுக்குள் இறங்கப் போகும் அதே உறையில் டிரான்ஸ்மிட்டரைப் பூட்டி, சமதளத்தில் கிடத்துங்கள். தூரத்தைக் கையேட்டுப் படத்தில் காட்டிய இடத்திலிருந்து டேப்பால் அளக்க வேண்டும். காலடி வைத்து அளப்பவர்களை நான் நம்புவதில்லை. முடிந்ததும் ரிசீவரை 1.5 மீட்டருக்கும் 4.5 மீட்டருக்கும் நகர்த்திப் பாருங்கள். அங்கேயும் எண் ஒத்துவந்தால்தான் கிளம்ப வேண்டும். உறையோ டிரான்ஸ்மிட்டரோ அதிர்வெண்ணோ மாறினால் மறுபடியும் முதலிலிருந்து.

ரயில் பாதை வேறு கதை. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை அது மின்மயமான பாதை; தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடுகிறது. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டுத் துளை போகும் வழி முழுக்க நடந்து, இரைச்சல், அதாவது வெளியிலிருந்து வரும் மின்சாரத் தொந்தரவு, கூடும் இடங்களில் குச்சி நடுங்கள். ரயில் கடக்கும்போதும் ஒருமுறை பாருங்கள். கருவியில் அதிர்வெண் தேர்வு இருந்தால், இரைச்சல் மிக மோசமான இடத்தில் நின்று தேர்ந்தெடுங்கள். தொடக்கக் குழியருகே நிழலில் நின்று தேர்ந்தெடுத்தால் பயனில்லை. மின்சாரத் தொந்தரவு எண்ணைத் துள்ள வைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். புதைந்த இரும்பு அப்படியில்லை. எண்ணை ஆடாமல் வைத்துக்கொண்டே பொய் சொல்ல வைக்கும். டிரான்ஸ்மிட்டரை அணைத்து நடக்கும்போது அதைப் பார்க்கவும் முடியாது.

குழாய்க்காரன்:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ரிசீவர் உங்கள் டிரான்ஸ்மிட்டரை மட்டும்தான் தேடும். பழைய தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் காட்டாது. இதுவரை காட்டியதைவிட 20 சென்டிமீட்டர் வரை கீழே போயிருக்கிறீர்கள். அந்த ஆழத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தீர்களா? சந்தேகமான இடத்தில் கையால் தோண்டிப் பார்ப்பது ஒன்றுதான் உறுதி.

செம்மண்:
பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் பள்ளித் திடலில் செய்தோம், இரும்பு கோல் கம்பத்தை விட்டுத் தள்ளி. 1.5, 4.5 இரண்டும் ஒத்துவந்தன. இன்று புதிதாகத் தோண்டிய குழியில் கருவி 1.61, டேப் 1.60. வரைபடத்தில் பழைய தண்ணீர்க் குழாய் 0.90-ல் இருக்கிறது, நாங்கள் அதற்குக் கீழேதான் போயிருக்கிறோம். ரயில் பாதைக்கு இன்னும் அனுமதி வரவில்லை. இரண்டு அதிர்வெண்களைத் தேர்ந்து வைத்தால் இரண்டுக்கும் தனித்தனியாகக் காலிபிரேஷன் செய்ய வேண்டுமா?

பழைய துளைக்காரன்:
ஆம், தனித்தனியாக. இரண்டையும் அதே திடலிலேயே முடித்துவிட்டுப் போங்கள். தண்டவாளத்தின் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள்.