மெர்டேக்கா (மலாயா சுதந்திர) பேரம் பற்றி, கோலாலம்பூரிலிருந்து

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மலாய்க்காரர்களுக்குச் சிறப்பு நிலை தரும் மலேசிய அரசியல் சட்டத்தின் 153ஆவது விதிக்கு மலேசியத் தமிழர்களின் தலைவர்களே சம்மதித்தவர்கள், அப்புறம் இன்று ஏன் குறைப்படுகிறார்கள் என்று துபாய் அண்ணன் நம் சங்க மலருக்கான கட்டுரையில் கேட்டிருந்தார். அண்ணன்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

1957இல் இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வுக்கு உயிர்ப்பிரச்சினை குடியுரிமைதான். சுதந்திர நாளுக்குப் பிறகு இங்கே பிறக்கும் பிள்ளை எந்த இனமானாலும் குடிமகன் என்பதற்கு மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ இறங்கி வந்தது. அதற்கு ஈடாக மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை ம.இ.கா. தலைவர் சம்பந்தனும் மற்றவர்களும் ஏற்றார்கள். அந்தச் சிறப்பு நிலையை 15 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று, அரசியல் சட்ட வரைவைத் தயாரித்த ரீட் ஆணையம் பரிந்துரைத்திருந்தது. இறுதிச் சட்டத்தில் அந்தக் கெடு இல்லை. அதையும் பொறுத்துக்கொண்டார்கள். ஆசைப்பட்டு யாராவது இப்படிக் கொடுப்பார்களா?

கிடைத்ததும் சாதாரணமானதல்ல. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பால்மரம் (ரப்பர்) சீவிய ஆயிரக்கணக்கானோர் தோட்டங்களை விட்டுக் கப்பலேறினார்கள். இங்கே கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பெரியம்மா கடைசிவரை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியில் புடவை மடிப்புக்குள் இருக்கும். தேர்தல் நாளில் வீடே ஓட்டுப் போடக் கிளம்பும். பெரியம்மா பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார். அந்த அட்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். சம்பந்தனைத் துரோகி என்று பேசுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் குடியுரிமையைத்தான் கேட்டு வாங்கியிருப்பேன்.

ஆனால் வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்ததை மனமார விரும்பியதாக எழுதிவிட்டால், அவர்கள் பேரப்பிள்ளைகள் மறுபடி கேட்கும் நியாயமும் அதோடு போய்விடும். இன்னொன்றையும் அண்ணன் கவனிக்க வேண்டும். 1971 திருத்தத்துக்குப் பிறகு, இந்த விதி எப்படி நடைமுறையாகிறது என்று பேசலாம். விதியையே கேள்வி கேட்டால் தேச நிந்தனைச் சட்டம் பாயும். துபாயில் இருந்து பார்த்தால் எங்கள் மௌனம் சம்மதம் மாதிரித் தெரியலாம். அது சம்மதம் இல்லை.

சங்க மலரில் அண்ணனின் கட்டுரையைத் தாராளமாகப் போடுங்கள். ரீட் ஆணையத்தின் கெடு பற்றியும் 1971 திருத்தம் பற்றியும் அதில் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அண்ணன் சரி என்றால் நானே எழுதி அனுப்புகிறேன்.