மீன் தொட்டிக்குள் அக்ரிலிக் ஒட்ட எந்தப் பசை?

வணக்கம். இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் நானே ஒரு வடிகட்டிப் பெட்டி அமைக்கிறேன். கண்ணாடியோடு கண்ணாடி ஒட்ட, வினிகர் நெடி அடிக்கும் கலப்பில்லாத சிலிக்கான் போதும். ஆனால் எங்கள் பகுதிக் கடைகளில் குளியலறை சிலிக்கான்தான் கிடைக்கிறது. டியூபின் மேல் ‘பூஞ்சை பிடிக்காது’ என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனை மட்டும் விட்டுவைக்குமா? வாங்கவில்லை.

பெரிய சிக்கல் பெட்டிக்குள் வரும் தடுப்புத் தகடு. அது அக்ரிலிக், அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். சிலிக்கான் அதில் சரியாகப் பிடிப்பதில்லை. காய்ந்தபின் நகத்தால் நெம்பினால் பட்டையாக உரிந்து வருகிறது. எப்பாக்சி (இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் பசை) பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் காயவிட்டீர்கள்? மீன் விடுவதற்குமுன் தண்ணீரை எத்தனை முறை மாற்றினீர்கள்? இல்லை, அக்ரிலிக்கையே கைவிட்டுக் கண்ணாடி வெட்டி வாங்கிவிடலாமா? தொட்டியில் இறால்களும் வரப்போகின்றன, அதனால்தான் இவ்வளவு தயக்கம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.