இரண்டு மடிப்பு, இரண்டு துளை: எட்டு வராமல் ஆறு வருவது எப்படி?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டமான டயர் 1-க்குப் படிக்கிறேன். ரீசனிங்கில் மற்றதெல்லாம் ஓடிவிடுகிறது, காகிதத்தை மடித்துத் துளை போடும் கேள்வி வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. நேற்று மாக் டெஸ்டில் வந்தது இது. சதுரக் காகிதம். முதலில் இடது பாதியை வலது பாதியின் மேல் மடிக்கிறார்கள். அப்புறம் மேல் வலது மூலையைப் பிடித்து, இடது பக்கம் இருக்கும் மடிப்புக் கோட்டின் நடுவில் உட்காரும்படி சாய்வாக மடிக்கிறார்கள். பிறகு இரண்டு துளை: ஒன்று அந்தச் சாய்ந்த முக்கோணத்தின் மேல், இன்னொன்று கீழ்க் கோடியில் மடிப்புக் கோட்டுக்குப் பக்கத்தில்.

ஒரு மடிப்புக்கு இரண்டு அடுக்கு, இரண்டு மடிப்புக்கு நான்கு, அதை துளையால் பெருக்கு என்றுதான் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எட்டு துளை உள்ள படத்தைப் போட்டேன், விடை ஆறு என்கிறது. 60 நிமிடத்தில் 100 கேள்வி, தப்பானால் அரை மார்க் போகும். இந்த வகையை விட்டுவிடலாமா?

பதில் 1

விட்டுவிடாதீர்கள் தம்பி, பழகினால் மார்க் நிச்சயம் வரும் இடம் இது. அந்தப் பெருக்கல் கணக்கு ஒவ்வொரு மடிப்பும் காகிதம் முழுவதையும் மூடினால்தான் சரி. உங்கள் இரண்டாவது மடிப்பு மேல் பகுதியைத்தான் மூடுகிறது, கீழே அதே இரண்டு அடுக்குதான் இருக்கிறது. அதனால் மேலே குத்தினால் நான்கு, கீழே குத்தினால் இரண்டு.

எண்ணிக்கை தெரிந்தால் போதாது, இடமும் வேண்டும். ரஃப் ஷீட்டில் நான்குக்கு நான்கு கட்டம் போடுங்கள். வரிசையை மேலிருந்து எண்ணுங்கள், கட்டத்தை இடமிருந்து. முதல் மடிப்புக்குப் பிறகு ஒவ்வொரு வரிசையிலும் மிஞ்சுவது மூன்றாம் கட்டமும் நான்காம் கட்டமும்தான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் துளைகள் இரண்டாம் வரிசை மூன்றாம் கட்டத்திலும், நான்காம் வரிசை மூன்றாம் கட்டத்திலும் இருக்கின்றன. இப்போது கடைசியாக மடித்ததை முதலில் பிரியுங்கள், பிரிக்கும் இந்த முறை மாறவே கூடாது. சாய்வுக் கோட்டிலிருந்து துளை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதே தூரம் நேர் எதிர்ப்பக்கம் போங்கள்: முதல் வரிசை நான்காம் கட்டம். கீழ்த் துளையை அந்த மடிப்பு தொடவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். ஆக மூன்று. அடுத்து நடுக்கோட்டைப் பிரித்தால் மூன்றாம் கட்டத்தில் இருப்பது இரண்டிலும், நான்கில் இருப்பது ஒன்றிலும் விழும். மேலே நான்கு துளை ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி, கீழே இரண்டு பக்கத்தில் பக்கத்தில். மொத்தம் ஆறு.

பதில் 2

மேலே சொன்னது முழு முறை. நான் அதற்கு முன் ஆப்ஷன்களைத்தான் பார்ப்பேன். முதல் மடிப்பு சரிபாதி என்றால், எல்லாம் பிரித்த பிறகு வரும் படம் அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தே ஆக வேண்டும், நடுவில் எத்தனை மடிப்பு வந்தாலும் சரி. அப்படி இல்லாத படத்தை உடனே அடித்துவிடலாம், பல சமயம் இரண்டு ஆப்ஷன் அதிலேயே போய்விடும். ஆனால் இது முதல் மடிப்புக்கு மட்டும்தான், அதுவும் அது சரிபாதியாக இருந்தால்தான். கடைசி மடிப்பை வைத்து முழுப் படத்தையும் சோதித்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1976-ல் அமெரிக்காவின் ஈ.டி.எஸ். என்ற தேர்வு நிறுவனம் வெளியிட்ட திறன் சோதனைத் தொகுப்பில் இதே காகித மடிப்புச் சோதனை இருக்கிறது, 10 கேள்விக்கு 3 நிமிடம். அதாவது ஒன்றுக்கு 18 விநாடி. உங்களுக்குச் சராசரியாக 36 விநாடி கிடைக்கிறது.

பதில் 3

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். முதல் வாரம் படமே காட்டுவதில்லை, பழைய நோட்டுத் தாளைச் சதுரமாக வெட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். மடித்து, பேனா முனையால் குத்தி, பிரிப்பதற்கு முன்னால் துளை எங்கெங்கே வரும் என்று வேறு தாளில் புள்ளி வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பிரிக்கலாம். கோயில் திருவிழாவுக்குக் கலர் பேப்பரில் தோரணம் வெட்டிப் பழகிய ஒரு பெண், நான் சொல்லாமலே மடிப்பு ஓரத்தையும் திறந்த ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் புள்ளி வைத்தாள். எனக்கு அதைப் பார்த்துத்தான் இப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே தோன்றியது.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி டீச்சர். இப்போதுதான் தாளை மடித்துக் குத்திப் பார்த்தேன், அந்த ‘வி’ அப்படியே வந்தது. துளைக்குப் பதில் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டினாலும் இதே முறைதானா?

பதில் 1

முறை அதேதான், எந்த ஓரம் என்று மட்டும் பாருங்கள். மடிப்பு ஓரத்தில் அரைவட்டம் வெட்டினால் பிரிக்கும்போது முழு வட்டம், திறந்த ஓரத்தில் வெட்டினால் அரைவட்டமாகவே நிற்கும். முக்கோணமாக வெட்டியிருந்தால் கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், மடிப்பைப் பிரித்ததும் அது எதிர்த்திசைக்குத் திரும்பலாம். ஆப்ஷன்களில் மாற்றி வைப்பது பெரும்பாலும் அந்த முனையைத்தான்.