முதல் நாட்டுப்புறப் பாடல் வெளியீடு: மைக், உரிமை, பதிவு எண்

கேள்வி: கிட்டார் வாசித்துக்கொண்டே பாடிப் பதிவு செய்கிறேன். மெட்டு மரபானது, வரிகள் என்னுடையவை. கிட்டார் ரொம்ப உறுமுது. வெளியிடுமுன் வேறென்ன கவனிக்கணும்?

பதில் 1: மைக் கிட்டாரின் துளைக்கு நேரே இருக்கும், அதான் உறுமல். 12ஆவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கோடு) நோக்கி 20-30 செ.மீ. தள்ளி வையுங்க. குரலுக்குத் தனி மைக் வைத்தால் ஒன்றின் ஒலி இன்னொன்றில் புகுந்து குரல் மெலியலாம். ஒரு டிராக்கின் ஃபேஸைத் (ஒலி அலையின் மேல்-கீழ் திசை) திருப்பிக் கேளுங்க; கனமாக ஒலிப்பதே சரி.

பதில் 2: மெட்டுக்கு ‘மரபு’, வரிகளுக்கு உங்க பெயர் என்றே பதியுங்க. மெட்டுக்கும் உரிமை கோரினால் அதே மெட்டைப் பாடும் மற்றவர்கள் உரிமைப் புகாரில் சிக்குவாங்க. அது பெரிய அநியாயம்.

பதில் 3: ஐஎஸ்ஆர்சி எண்ணைக் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய தனி அடையாள எண்; எழுத்தும் இலக்கமுமாக 12) குறிச்சு வையுங்க. விநியோகஸ்தரை (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றும் நிறுவனம்) மாற்றும்போது புது எண் போட்டால், பழைய ஸ்ட்ரீம் கணக்கு கைவிட்டுப் போகும்.