சர்வ்லெட் ஜாரை வெப்-இன்ஃப் லிப்ல போடச் சொல்ற சிங்கங்களுக்கு ஒரு கும்பிடு

நெல்லை நிரல்:
கோவத்துலதான் எழுதுறேன், முதல்லயே சொல்லிடுறேன். நேத்து புதுசு பையன்னு ஒரு தம்பி இங்க வந்து, எக்லிப்ஸ்ல (ஜாவா எழுதற எடிட்டர்) சர்வ்லெட் (பிரவுசர் கேக்கறதுக்குப் பதில் குடுக்கற ஜாவா கிளாஸ்) எழுதினா எச்டிடிபிசர்வ்லெட் கீழ சிவப்பு கோடு விழுது, "சூப்பர்கிளாஸ் ஜாவா பில்ட் பாத்ல இல்ல"ன்னு எரர் வருதுன்னு கேட்டான். அதுக்கு நம்ம பழைய சிங்கம் சார் ஒரே வரில "சர்வ்லெட் ஏபிஐ ஜாரை டவுன்லோட் பண்ணி வெப்-இன்ஃப் லிப்ல போடு, ஓடும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த ஒரு வரிக்கு 17 லைக். சார், அந்த ஜார் (ஜாவா கிளாஸ்களைக் கட்டி வச்ச ஃபைல்) டாம்கேட் (சர்வ்லெட்டை ஓட்டற சர்வர்) கூடவே வருது, டாம்கேட்டோட லிப் ஃபோல்டரைத் திறந்து பாருங்க, அங்கயே உக்காந்திருக்கும். அதை நம்ம அப்ளிகேஷனுக்குள்ள (வெப்-இன்ஃப் லிப் அங்கதான் இருக்கு) இன்னொரு தடவை போடறது, கல்யாண வீட்டுக்குத் தூக்குச்சட்டில சோறு கட்டிட்டுப் போற மாதிரி. ப்ராஜெக்ட் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டார்கெட்டட் ரன்டைம்ஸ், டாம்கேட்டுக்கு ஒரு டிக். முடிஞ்சுது. தப்பா சொல்லிக் குடுக்கறதுக்கு சொல்லாமலே இருக்கலாம்.

பழைய சிங்கம்:
தம்பி, சிவப்பு கோடு போச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லு. நான் 2008ல டாம்கேட் 6ல ஆரம்பிச்சவன். அன்னைலேந்து லிப்லதான் போடறேன், ஒரு ப்ராஜெக்ட் கூட நின்னதில்ல. நீ அப்ப எத்தனாவது படிச்சிட்டு இருந்த?

நெல்லை நிரல்:
நான் எத்தனாவது படிச்சா என்ன சார். டாம்கேட் 6ன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதே டாம்கேட் 6 ஸ்டார்ட் ஆகும்போது கன்சோல்ல "ஜார் நாட் லோடட், சர்வ்லெட் ஸ்பெக் 2.3, செக்‌ஷன் 9.7.2 பாருங்க"ன்னு ஒரு வரி விழுமே, அதை எப்பவாவது படிச்சிருக்கீங்களா? நீங்க போட்ட ஜாரை அது தொடவே இல்லன்னு உங்ககிட்டயே சொல்லியிருக்கு.

பழைய சிங்கம்:
படிச்சிருக்கேன். அது இன்ஃபோ, எரர் இல்ல. இன்ஃபோவையெல்லாம் படிச்சிட்டு உக்காந்தா டெலிவரி யாரு குடுப்பா, உங்க தாத்தாவா?

வெட்டி ஆபீசர்:
"அது இன்ஃபோதான், எரர் இல்ல." இதை யாராவது ஃப்ரேம் போட்டு மாட்டுங்கப்பா.

மேவன் மாமி:
2025லயும் ஜாரை கையால டவுன்லோட் பண்ணி ஃபோல்டர்ல போடறதுக்கு ரெண்டு கட்சி சண்டை போடுது, எனக்கு சிரிக்கறதா அழறதா தெரியல. மேவன்னு ஒரு டூல் இருக்கு, ஜாரையெல்லாம் அதுவே டவுன்லோட் பண்ணிக்கும். அதோட பாம்.எக்ஸ்எம்எல்ல டிபெண்டன்சியைப் (தேவைப்படற ஜார் பேரை) போட்டு ஸ்கோப் ப்ராவைடட்னு எழுதினா கம்பைல் பண்ணும்போது கிளாஸ் இருக்கும், வார் ஃபைலுக்குள்ள (சர்வருக்கு அனுப்பற பொட்டலம்) போகாது. அந்த ஸ்கோப்பை வச்சதே இதுக்குத்தான்.

பழைய சிங்கம்:
மாமி, பையன் காலேஜ் லேப்ல உக்காந்திருக்கான். அங்க நெட்டு கிடையாது, ப்ராக்ஸி வேற. மேவன் முதல் தடவை ஓடும்போது டவுன்லோட் பாதில நின்னுச்சுன்னா அது ஜாரைச் சேத்து வைக்கற டாட் எம்2 ஃபோல்டர்ல லாஸ்ட்அப்டேட்டட்னு முடியற ஃபைலா கொட்டி வச்சிட்டு, நெட்டு வந்தப்புறமும் திரும்ப ட்ரை பண்ண மாட்டேன்னு அடம் பிடிக்கும், அதை யாரு போய் ஒண்ணொண்ணா தேடி டெலீட் பண்றது? ஒரு ஜார். ஒரு காப்பி. ஒரு பேஸ்ட். சிவப்பு கோடு போச்சு.

மேவன் மாமி:
எம்விஎன் ஹைஃபன் யூ அடிச்சா திரும்ப ட்ரை பண்ணும். ரெண்டு எழுத்து. தெரியலேன்னா கேளுங்க சார், சொல்லித் தரேன். மாமின்றது ஹேண்டில்தான், உறவு முறை இல்ல.

ராத்திரி டிப்ளாய்:
ஒரு நிமிஷம். பையன் டாம்கேட் எந்த வெர்ஷன் போட்டிருக்கான்னு யாராவது கேட்டீங்களா? டாம்கேட் 9 வரைக்கும் சர்வ்லெட் கிளாஸ் இருக்கற பேக்கேஜ் பேரு ஜாவாக்ஸ்.சர்வ்லெட். 10லேந்து பேக்கேஜ் பேரே ஜகார்த்தா.சர்வ்லெட்னு மாறிடுச்சு. ஆரக்கிள் 2017ல ஜாவா ஈஈயை (சர்வ்லெட்டெல்லாம் அடங்கின ஸ்பெக்) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குக் குடுத்தாங்க, ஆனா ஜாவாக்ஸ்ன்ற பேரை வச்சு மேல எதையும் மாத்தக் கூடாதுன்னு ஆயிடுச்சு, அதனால 2020 டிசம்பர்ல வந்த ஜகார்த்தா ஈஈ 9ல மொத்தமா பேரை மாத்தினாங்க. அவன் புத்தகத்துல ஜாவாக்ஸ் இருந்து டாம்கேட் 10 போட்டிருந்தான்னா, சிங்கம் சொல்றதும் ஓடாது, நெல்லை சொல்ற டிக்கும் ஓடாது.

பழைய சிங்கம்:
ஜகார்த்தாவைப் பத்தி எனக்கே பாடமா? 2005 வரைக்கும் டாம்கேட் அப்பாச்சிக்குள்ள ஜகார்த்தான்ற ப்ராஜெக்ட்லதான் இருந்துச்சு. அந்தப் பேரு இப்ப வந்ததுன்னு நினைக்கற பசங்கதான் இங்க வந்து பேசறாங்க.

ராத்திரி டிப்ளாய்:
சார் அது வேற ஜகார்த்தா.

பழைய சிங்கம்:
எல்லாம் ஒரே ஜகார்த்தாதான்.

வெட்டி ஆபீசர்:
இந்தோனேசியாவுலயும் ஒரு ஜகார்த்தா இருக்கு, ஜாவா தீவுலயே. அதையும் வெப்-இன்ஃப் லிப்ல போட்டுப் பாக்கலாமா சார்?

கடாரம்கொண்டான்:
ஜாவா தீவைத்தான் நம்ம பழைய இலக்கியத்துல சாவகம்னு சொல்லியிருக்காங்க. தமிழனுக்கு ஜாவா அப்பவே தெரியும். இதைப் பத்தி இங்க ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க.

மேவன் மாமி:
சாவகத்துல டார்கெட்டட் ரன்டைம் எதுல இருந்துச்சுன்னும் சொல்லிடுங்க.

கடாரம்கொண்டான்:
கிண்டல் பண்ணுங்க. நம்ம பெருமையை நாமளே கிண்டல் பண்றதாலதான் இன்னிக்கு அடுத்தவன் காபி பேருல ப்ரோக்ராம் எழுதிட்டிருக்கோம்.

நெல்லை நிரல்:
ஐயா நீங்க தனி இழை ஆரம்பிங்க, கும்பிடறேன். இங்க கேள்வி ஒண்ணுதான். கன்டெய்னர் (டாம்கேட் மாதிரி சர்வர்) குடுக்கற கிளாஸை அப்ளிகேஷன் கூட அனுப்பலாமா கூடாதா. கூடாது. சர்வ்லெட், ஜேஎஸ்பி ஏபிஐக்கெல்லாம் டாம்கேட் தன் சொந்த லிப்லதான் முதல்ல தேடும்னு அவங்க டாக்குமென்டேஷன்ல கிளாஸ்லோடர் பக்கத்துலயே எழுதியிருக்கு.

பழைய சிங்கம்:
டாம்கேட் தன்னோடதையே எடுத்துக்குதுன்னா நான் போட்டதால என்ன கெட்டுப் போச்சு? நீயே சொல்லிட்டியே கெடுதல் இல்லன்னு. கெடுதல் இல்ல, சிவப்பு கோடும் இல்ல. அப்புறம் எதுக்கு இழை?

நெல்லை நிரல்:
கெடுதல் இல்லன்னு நான் எங்க சொன்னேன்??

பழைய சிங்கம்:
மேல போய்ப் படி.

புதுசு பையன்:
வணக்கம் அண்ணா எல்லாருக்கும். நான்தான் கேட்டது. சிங்கம் சார் சொன்ன மாதிரி ஜாவாக்ஸ் சர்வ்லெட் ஏபிஐ 4.0.1 ஜாரை லிப்ல போட்டேன், சிவப்பு கோடு போயிடுச்சு, ரொம்ப நன்றி சார். சர்வரும் ஸ்டார்ட் ஆகுது, கன்சோல்ல எரர் எதுவும் இல்ல. ஆனா பிரவுசர்ல 404 (பக்கம் இல்லன்னு) வருது அண்ணா. எந்த யூஆர்எல்லுக்கு ஓடணும்னு சொல்ல சர்வ்லெட் மேல அட்-வெப்சர்வ்லெட் ஸ்லாஷ் ஹலோன்னு சரியாத்தான் போட்டிருக்கேன். டாம்கேட் 10.1, ஜேடிகே 17.

பழைய சிங்கம்:
எல்லாரும் பாத்துக்கங்க. சிவப்பு கோடு போச்சுன்னு பையனே சொல்றான்.

வெட்டி ஆபீசர்:
404ன்னும் சொல்றான்.

பழைய சிங்கம்:
404 வேற டிபார்ட்மென்ட். கேட்டது சிவப்பு கோடு.

நெல்லை நிரல்:
தம்பி அந்த ஜாரை மொதல்ல தூக்கிடு. தூக்கிட்டு டார்கெட்டட் ரன்டைம்ஸ்ல டிக் போடு. 404 ஆட்டோமேட்டிக்கா போயிடும்.

புதுசு பையன்:
டிக் போட்டேன் அண்ணா. ஜாரைத் தூக்கினேன். மறுபடி சிவப்பு கோடு வந்துடுச்சு.

பழைய சிங்கம்:
ஹா ஹா ஹா. டிக்காம் டிக்கு. எங்க போச்சு உன் டிக்? ஒரு டிக், முடிஞ்சுதுன்னு சொல்லி, தலைப்புலயே என்னைக் கும்பிட்டியே, இப்ப பையனுக்கு என்ன பதில்? என் ஜார் இருந்தவரைக்கும் சிவப்பு கோடு இல்ல, நீ வந்து தூக்கச் சொன்ன, கோடு வந்துடுச்சு, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும், 17 வருஷமா கத்திட்டிருக்கேன், டூல் வேலை செய்யணும்னா டூல் கேக்கறதைக் குடு, அது ஜார் கேக்குது ஜாரைக் குடு, அதை விட்டுட்டு ஸ்பெக்கு செக்‌ஷன் ஒன்பது பாயிண்ட் ஏழுன்னு வக்கீல் மாதிரி வாதாடினா எக்லிப்ஸ் என்ன ஜட்ஜா?

ராத்திரி டிப்ளாய்:
நான் மேல சொன்னதுதாங்க நடந்திருக்கு. அவன் ப்ரோக்ராம்ல இம்போர்ட் ஜாவாக்ஸ்னு இருக்கு. டாம்கேட் 10.1 குடுக்கறது ஜகார்த்தா. டிக் போட்டா ஜகார்த்தா கிளாஸ்தான் பில்ட் பாத்துக்கு வரும், அதனால சிவப்பு கோடு. பழைய ஜாரைப் போட்டா கம்பைல் ஆகும், ஆனா டாம்கேட் ஜகார்த்தா வெப்சர்வ்லெட்டைத்தான் தேடுது, இவன் போட்டிருக்கற ஜாவாக்ஸ் வெப்சர்வ்லெட்டை அது கண்டுக்காது, ஒரு எரரும் சொல்லாம 404 குடுக்கும். அதுக்குப் பதிலா வெப்.எக்ஸ்எம்எல் ஃபைல்ல யூஆர்எல்லை மேப் பண்ணியிருந்தா 500 வந்து "இந்த கிளாஸ் ஒரு சர்வ்லெட் இல்ல"ன்னாவது சொல்லியிருக்கும். தம்பி, ஒண்ணு இம்போர்ட் எல்லாத்தையும் ஜகார்த்தான்னு மாத்து, இல்ல டாம்கேட் 9 போடு. ரெண்டுல எதுன்னாலும் ஜார் வேண்டாம், டிக் போதும்.

நெல்லை நிரல்:
பாத்தீங்களா சிங்கம் சார், "ஜார் வேண்டாம் டிக் போதும்". நான் முதல் வரிலேந்து சொல்றது இதைத்தான்.

பழைய சிங்கம்:
டாம்கேட் 9 போடச் சொல்றாரு, அதையும் படி. 9ல நான் சொன்னது ஓடும். ஆக நான் சொன்னது சரி, புது டாம்கேட்தான் தப்பு. ஒரு பேக்கேஜ் பேரை மாத்தி உலகத்துல இருக்கற அத்தனை ப்ரோக்ராமையும் உடைக்கறதுக்குப் பேரு முன்னேற்றமா?

ராத்திரி டிப்ளாய்:
பழைய வாரை வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டா டாம்கேட் 10 தானே மாத்திக் குடுக்கும் சார், அதுக்கும் வழி வச்சிருக்காங்க.

பழைய சிங்கம்:
அதுவும் ஃபோல்டர்ல போடறதுதானே! நான் ஃபோல்டர்ல போடுன்னா தப்பு, அவங்க சொன்னா வழியா?

மேவன் மாமி:
சரி, சிங்கம் சார்கிட்ட எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கு. போன வருஷம் இதே இடத்துல ஜாவா_ஹோம்ல (ஜாவா எங்க இருக்குன்னு சொல்ற செட்டிங்) பின் ஃபோல்டர் வரைக்கும் குடுக்கணும்னு ஒருத்தருக்கு சொன்னது நீங்கதானே? அவரு ரெண்டு நாள் மேவன் ஓடலேன்னு அலைஞ்சாரு. ஜாவா_ஹோம்ல பின் வரக் கூடாது, பாத்லதான் (கமாண்டைத் தேடற ஃபோல்டர் லிஸ்ட்) பின் வரணும்.

பழைய சிங்கம்:
நான் சொன்னது பாத்தைப் பத்தி. அந்தாளு தப்பா புரிஞ்சுக்கிட்டா நான் பொறுப்பா?

மேவன் மாமி:
ஸ்க்ரீன்ஷாட் வச்சிருக்கேன்.

பழைய சிங்கம்:
ஸ்க்ரீன்ஷாட்டை வெப்-இன்ஃப் லிப்ல போடுங்க மாமி.

வெட்டி ஆபீசர்:
ஒத்துக்கறேன், இது நல்லா இருந்துச்சு.

மேவன் மாமி:
சிரிக்காதீங்க. இதே கதைல இன்னொண்ணு, ஆரக்கிள் இன்ஸ்டாலர் காமன் ஃபைல்ஸ்க்குள்ள ஜாவாபாத்னு ஒரு ஃபோல்டரை பாத்துக்கு முன்னாடி சொருகிடும். அதனால ஜாவா ஹைஃபன் வெர்ஷன் அடிச்சா ஒரு நம்பர், எம்விஎன் ஹைஃபன் வி அடிச்சா இன்னொரு நம்பர். ஜேடிகே 17ல கம்பைல் பண்ணிட்டு 8ல ஓட்டினா கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61, எனக்கு 52 வரைக்கும்தான் தெரியும்னு எரர் வரும். அப்பவும் சார் லிப்ல ஜாரைப் போடுன்னுதான் சொல்லுவாரு.

தனிமரம்_இன்டெலிஜே:
எக்லிப்ஸைத் தூக்கிப் போட்டுட்டு இன்டெலிஜே எடிட்டருக்கு வாங்க மொதல்ல. பாதி வியாதி அங்கதான்.

பழைய சிங்கம்:
வந்துட்டாருய்யா. காசு குடுத்து வாங்கினவன் காசு குடுக்காதவனைப் பாத்துப் பேசற பேச்சு.

தனிமரம்_இன்டெலிஜே:
எக்லிப்ஸ் ரன் பண்ணும்போது நீங்க டிப்ளாய் பண்ற இடம் எதுன்னாவது தெரியுமா சார்? வொர்க்ஸ்பேஸ்க்குள்ள டாட் மெட்டாடேட்டா, டாட் ப்ளக்இன்ஸ், அதுக்குள்ள டெம்ப்0, டபிள்யூடிபிவெப்ஆப்ஸ்னு பாதாளத்துல கொண்டு போய் வச்சிருக்கும். டாம்கேட் ஃபோல்டர்ல சர்வர்.எக்ஸ்எம்எல்ல போர்ட்டை மாத்திட்டு ஏன் மாறலேன்னு முழு நாள் தலையைப் பிச்சிக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன். அது சர்வர்ஸ்னு தனி ப்ராஜெக்ட்ல ஒரு காப்பி வச்சிருக்கு, அதைத்தான் படிக்கும்.

பழைய சிங்கம்:
எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் எக்லிப்ஸ்ல இருக்கேன். புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாது.

வெட்டி ஆபீசர்:
சிங்கம்னு பேரு வச்சிட்டு புலிக்கு ஏன் சார் ஜாமீன் குடுக்கறீங்க.

நெல்லை நிரல்:
விஷயத்துக்கு வருவோமா. லிப்ல ஜார் போடறது தப்புன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டாருன்னா நான் இழையை மூடிடறேன்.

பழைய சிங்கம்:
சிவப்பு கோடு போச்சுன்னு ஒரு வார்த்தை நீ ஒத்துக்கோ.

நெல்லை நிரல்:
போச்சு, ஆனா 404.

பழைய சிங்கம்:
ஆனாவை எடு.

புதுசு பையன்:
அண்ணா டாம்கேட் 9 போட்டேன். எக்லிப்ஸ்ல பழைய சர்வரை டெலீட் பண்ணிட்டு புதுசா ஆட் பண்ணேன், டிக்கும் போட்டேன், ஃபேசெட்ஸ்ல (எந்த சர்வ்லெட் வெர்ஷன்னு சொல்ற செட்டிங்) டைனமிக் வெப் மாட்யூல் 5.0 இருந்ததை 4.0ன்னு மாத்தினேன். ஹலோ வந்துடுச்சு!! எல்லாருக்கும் நன்றி. எது சரி பண்ணுச்சுன்னுதான் தெரியல, ஏன்னா சிங்கம் சார் ஜாரை மறுபடி லிப்ல போட்டிருந்தேன், எடுக்க மறந்துட்டேன்.

பழைய சிங்கம்:
👏👏👏 இழை முடிஞ்சுது. ஜார் இருந்துச்சு, ஓடுச்சு.

நெல்லை நிரல்:
டிக் போட்டேன்னு சொல்றான் கண்ணு தெரியலயா?? அந்த ஜார் சும்மா பொணம் மாதிரி கிடக்கு அங்க, டாம்கேட் அதைத் தொடல!

ராத்திரி டிப்ளாய்:
வெர்ஷன் மாத்தினதாலதாங்க ஓடுச்சு.

மேவன் மாமி:
தம்பி, ஹலோ வந்த சந்தோஷத்துல ஸ்ப்ரிங் பூட் 3ன்ற ஃப்ரேம்வொர்க்குக்குப் போகாத. அங்க மறுபடி ஜகார்த்தாதான்.

பழைய சிங்கம்:
அங்கயும் ஏதாவது சிவப்பா வந்துச்சுன்னா எனக்கு மெசேஜ் போடு தம்பி. இவங்ககிட்ட கேக்காத.

நெல்லை நிரல்:
அந்த ஜாரை டெலீட் பண்ணிட்டு ஒரு தடவை ரன் பண்ணிக் காட்டு தம்பி, ப்ளீஸ். வீடியோ எடுத்துப் போடு.

புதுசு பையன்:
அண்ணா லேப் மூடிட்டாங்க, திங்கக்கிழமைதான் திறப்பாங்க.

பழைய சிங்கம்:
திங்கக்கிழமை வரைக்கும் ஜார் இருக்கும். நானும் இருப்பேன்.

கடாரம்கொண்டான்:
சாவகம் பத்தி தனி இழை போட்டிருக்கேன், ஒருத்தர் கூட வரல.