புதுப்பிப்பு: 'தி பேட்டரி' படத்தை முழுதாகப் பார்த்துவிட்டேன்

போன வாரம் இதே இழையில், 'தி பேட்டரி' (2012) படத்தை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதியிருந்தேன். கடைசிப் பகுதிக்காகவாவது பாருங்கள் என்று சிலர் சொன்னீர்கள். நேற்று ராத்திரி முதலிலிருந்து பார்த்தேன். நான் சொன்னது தப்பு.

ஜாம்பிகள் (நடைபிணங்கள்) பெருகிவிட்ட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் பென், மிக்கி என்று இரண்டு முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அலைகிறார்கள். பந்து வீசுபவரையும் பிடிப்பவரையும் சேர்த்து அந்த ஆட்டத்தில் 'பேட்டரி' என்பார்கள். தலைப்புக்கு அதுதான் அர்த்தம், நான் மின்கலம் என்றே நினைத்திருந்தேன். பென்னுக்கு இந்த வாழ்க்கை பழகிவிட்டது. மிக்கி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பழைய உலகத்திலேயே இருக்கிறான்.

இருவரும் நின்று பல் தேய்க்கும் காட்சி ஒன்று நீண்டுகொண்டே போகும். அன்று எரிச்சல் வந்தது. நேற்று அவர்கள் முகத்தில் இருந்த சுகத்தைப் பார்த்தேன்.

அப்புறம் நீங்கள் சொன்ன கடைசிப் பகுதி, அந்தக் கார். இருவரும் உள்ளே, சுற்றிலும் ஜாம்பிகள், கேமராவும் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஒருவன் சாவி தேடி இறங்குகிறான், மற்றவன் காத்திருக்கிறான். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட், வெட்டே கிடையாது. மூச்சுவிடும் சத்தம்கூட பயமாக இருந்தது.

பென்னாக நடித்த ஜெரமி கார்ட்னர்தான் எழுதி இயக்கியவர். செலவு வெறும் 6,000 டாலர் அளவுதான். நிறுத்தியவர்கள் இருந்தால் மறுபடி போடுங்கள், ஹெட்ஃபோனோடு.